வேண்டாம் என்று சொல்லும் வழி

வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததும் அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “இவன் எப்ப டீச்சர் பேசுவான்?” எத்தனையோ பேரிடம் கேட்டு, எத்தனையோ பதில் வாங்கி, அதன்பிறகு என்னிடம் வந்திருக்கும் கேள்வி அது. அதனால் அவசரப்பட்டு எதுவும் சொல்வதில்லை. பதிலுக்கு நானும் ஒன்று கேட்பேன். “பிடிக்கலேன்னா இப்ப எப்படிக் காட்டுறான்?” உடனே அடுக்கடுக்காக வரும். தட்டைத் தள்ளிவிடுவான். மண்டையைச் சுவரில் மோதுவான். அப்பாயி கையைக் கடித்துவிடுவான். சட்டையைக் கழற்றி எறிவான். வாசலைப் பார்த்து ஓடுவான். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வேன். அம்மா தன் பிள்ளையின் குறைகளைச் சொல்வதாக நினைத்துக் கண் கலங்கியிருப்பார். என் நோட்டில் இருப்பதோ, அந்தப் பிள்ளை யார் துணையும் இல்லாமல் தானே கண்டுபிடித்து வைத்திருக்கும் ‘வேண்டாம்’கள். வேலையை அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

காவிரி டெல்டாவில் ஓர் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். காலையில் ஒரு பள்ளி, மதியம் இன்னொரு பள்ளி, சில நாள் பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீடுகள், சில நாள் மையத்திலேயே பயிற்சி. ஸ்கூட்டியில் தொங்கும் பையில் லேமினேட் செய்த படங்கள், வெல்க்ரோ, நுரைப்பந்து, சோப்புக் குமிழி விடும் டப்பா. காது கேளாத பிள்ளைகள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள், கற்றல் குறைபாடு உள்ளவர்கள் எல்லாரும் என் பதிவேட்டில் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம்தான் என் மனம் அதிகம் தங்கிவிட்டது. மற்றப் பிள்ளைகளுக்கு எது முடியவில்லை என்பது வீட்டாருக்குக் கண்ணால் தெரியும். இந்தப் பிள்ளைகளைப் பற்றி வீட்டில் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் அடம், திமிர், செல்லம் என்பதோடு முடிந்துபோகும்.

எழுத்துக்கு முன்பு, எண்ணுக்கு முன்பு, ‘உட்கார்’ என்பதற்கும் முன்பு பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டியது மறுக்கும் வழி என்பது என் உறுதியான எண்ணம். பல பயிற்சி மையங்களில் இது தலைகீழாக நடக்கிறது. உட்கார், கையைக் கட்டு, என்னைப் பார் என்று தொடங்குகிறார்கள். சொன்னதைச் செய்தால் ஒரு சிப்ஸ். சில மாதத்தில் பிள்ளை அமைதியாக உட்காரும். வீட்டாருக்கும் நிம்மதி, பள்ளிக்கும் நிம்மதி. அந்த நிம்மதிக்குப் பிள்ளை கொடுக்கும் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

ஐந்து வயதுப் பையன் ஒருவன். பேச்சு இல்லை. மதியம் சோறு போட்டதும் மண்டையைத் தரையில் மோதுவான். நெற்றியில் எப்போதும் ஒரு புடைப்பு. அப்பாயிக்கு அது வம்பு. “சோத்தக் கண்டா ஆகாதும்மா இவனுக்கு, முறுக்கத் தவிர ஒண்ணும் எறங்காது” என்றார். அவன் அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, மூன்று கட்டம் போட்டுக் காட்டினேன். முன்னாடி என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அப்புறம் நாம் என்ன செய்தோம். பத்தாவதோடு நின்ற பெண் அவர். எந்த மருத்துவமனை அறிக்கையிலும் நான் பார்க்காத துல்லியம் அந்த நோட்டில் இருந்தது. இட்லியை வெறுமனே கொடுத்தால் தின்கிறான், சட்னி தொட்டால் எறிகிறான். அப்பளம் தின்கிறான். அதே அப்பளம் ரசத்தில் நனைந்தால் அழுகிறான். ஞாயிற்றுக்கிழமை கறி வேகும்போது சாப்பாடு வருவதற்கு முன்பே மோதுகிறான். குக்கர் விசில்! அவனுக்குச் சோறு பிரச்சினையே இல்லை. ஈரமான உணவு வாயில் படுவதும் அந்த விசிலும் அவனுக்குத் தாங்க முடியாதவை. விசில் வந்தால் அந்த ஈரம் வரப்போகிறது என்பதையும் அவன் சேர்த்துப் புரிந்துவைத்திருந்தான். புத்திசாலிப் பிள்ளை.

மறுக்கக் கற்றுக்கொடுப்பது பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குப் பொறுமை வேண்டும். உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டுவது போல ஒரு படத்தை அட்டையில் ஒட்டினோம். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அவனுக்குக் கொஞ்சம் மட்டும் பிடிக்காத ஒன்றை நீட்ட வேண்டும். ரொம்பப் பிடிக்காததில் தொடங்கினால் அவன் கற்கும் நிலையிலேயே இருக்க மாட்டான். அவனுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது ஈரத்துணி. இன்னொருவர் பின்னால் உட்கார்ந்திருந்து, அவன் தள்ளிவிடக் கை தூக்கும் அந்த நொடியில் கையை அட்டைமேல் கொண்டுபோய் வைக்க வேண்டும். வாய் பேசக்கூடாது. கை அட்டையில் பட்டதும் முன்னால் இருப்பவர் “வேணாம்” என்று அவனுக்காகச் சொல்லி, துணியை உடனே எடுத்துவிட வேண்டும். ‘இன்னும் ஒரே ஒரு தடவை கண்ணு’ என்று நீட்டினால் அன்றைய பாடம் அதோடு போச்சு. அட்டைக்கு வலிமை இருக்கிறது என்று அவன் நம்ப வேண்டும். நாள்பட நாள்பட பின்னால் இருப்பவரின் கை தளரும். பிறகு அந்த ஆளே தேவைப்பட மாட்டார்.

இதற்கு அடிப்படையான ஆய்வு 1985-இல் அமெரிக்காவில் வந்தது. எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் வகுப்பில் முரண்டு செய்த குழந்தைகளைக் கவனித்தார்கள். சிலர் பாடம் கடினமானபோது முரண்டு பண்ணினார்கள், சிலர் ஆசிரியரின் கவனம் குறைந்தபோது. முன்னவர்களுக்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லவும் பின்னவர்களுக்கு ‘நான் சரியாகச் செய்கிறேனா’ என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். முரண்டு வெகுவாகக் குறைந்தது. இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது ஒன்று. சரியான காரணத்துக்குச் சரியான சொல் வேண்டும். கவனம் கேட்கும் பிள்ளைக்கு ‘வேண்டாம்’ அட்டையைக் கொடுத்தால் பயனில்லை. அதனால்தான் அந்த மூன்று கட்ட நோட்டு முதலில்.

ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் என்பவர்கள் அதே 1985 வாக்கில் டெலவேர் மாநிலத்தில் தொடங்கிய பட அட்டைப் பரிமாற்ற முறை இன்று நம் ஊர் வரை வந்துவிட்டது. ‘பெக்ஸ்’ என்போம். பிள்ளை தனக்கு வேண்டியதன் படத்தை எடுத்துவந்து கையில் கொடுத்தால் அந்தப் பொருளைத் தருவது அதன் தொடக்கம். நல்ல முறை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கேட்பதை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு மறுப்பதை மாதக்கணக்கில் தள்ளிப்போட எனக்கு மனம் வராது. பிஸ்கட் கேட்கத் தெரியாத பிள்ளை பிஸ்கட் இல்லாமல் இருந்துவிடும். வலிக்கிறது, போதும், நிறுத்து என்று சொல்லத் தெரியாத பிள்ளை தன் உடம்பால்தான் சொல்லும்.

வீட்டில் உடனே எழும் எதிர்ப்பு எனக்கு மனப்பாடம். “அப்ப குளிக்க மாட்டேன்னு அட்டையக் காட்டுனா? மாத்திரை வேணாம்னா?” நியாயமான கேள்வி. என் பதில்: எதை மறுக்க விட முடியாதோ, அதைக் கேள்வியாகக் கேட்காதீர்கள். நம் வீடுகளில் “குளிக்கலாமா தங்கம்?”, “மாத்திரை சாப்பிடுவோமா?” என்று கொஞ்சலாகக் கேட்பது வழக்கம். மற்றப் பிள்ளைகளுக்கு அது கேள்வி வேடம் போட்ட கட்டளை என்று தெரியும். இவன் உண்மையிலேயே கேட்கிறோம் என்று எடுத்துக்கொண்டு ‘வேண்டாம்’ என்பான். அதை மீறினால் அட்டையின் மதிப்பு போய்விடும். ஆகவே “குளிக்கிற நேரம்” என்று படம் காட்டிச் சொல்லிவிடுவது. அதற்குள் அவனுக்கு ஒரு தேர்வு கொடுப்பது: நீல மக்கா, சிவப்பு மக்கா? முதலில் காலா, முதலில் கையா? அடுத்து என்ன வரும் என்பதையும் காட்டுவது: முதலில் குளியல், பிறகு ஊஞ்சல். ஒரு நாளில் அவன் மறுக்க முடியாதவை எத்தனை என்று மண்டையை மோதிய அந்தப் பையனின் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து யோசித்தோம். குளியல், மருந்து, ரோட்டில் கையைப் பிடிப்பது, பள்ளிக்கூடம். மீதி எல்லாவற்றிலும் அவன் பேச்சுக்கு இடம் இருந்தது. அப்பாயிக்கு அதுவே ஆச்சரியம். புடைப்பு ஆறிற்று. குக்கரைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினார்கள். சோறு அவன் தட்டில் தனியாக வந்தது, குழம்பு பக்கத்தில் ஒரு கிண்ணத்தில்.

டெல்டாவில் வேலை செய்பவள் என்பதால் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர்மேல் தீராத ஈர்ப்பு. அது மின்னுவது, ஓடுவது, உடம்பைச் சுற்றி அழுத்துவது எல்லாமே அவர்களுக்கு இன்பம். சொல்லாமல் வீட்டை விட்டுப் போகும் பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் முறை வந்துவிட்டால் வாய்க்கால் எல்லாம் நிறைந்து, நேற்றுவரை பிள்ளை நடந்துபோன இடம் இன்று ஆளை மூழ்கடிக்கும் ஆழமாகியிருக்கும். அதனால் மே கடைசியில் ஒவ்வொரு வீடாகப் போய் இதையே பேசுவேன். கதவின் மேல்பக்கம், கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். திறந்தால் சத்தம் வர ஒரு மணி. சட்டையின் உள்பக்கம் தைத்த போன் எண். அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது: இவன் தனியாகப் போனால் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், கையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குப் போன் பண்ணுங்கள். காணோம் என்றால் முதலில் தேட வேண்டியது தண்ணீர்ப் பக்கம், பிறகுதான் கடைத்தெரு. முடிந்த பிள்ளைகளுக்கெல்லாம் நீச்சல். சித்தப்பாவோ மாமாவோ தோளில் ஏற்றிக்கொண்டு குளத்தில் கற்றுக்கொடுத்த பிள்ளைகள் என் பதிவேட்டில் இருக்கிறார்கள். எந்தத் தெரபி அறையிலும் அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பேசும் பிள்ளைகளிடமும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். ஒரு சிறுமி பசித்தால் “பசிக்குதா?” என்பாள். டீ வேண்டுமென்றால் “டீ குடிக்கிறியா?” பிறர் தன்னிடம் கேட்டதையே முழுசாக எடுத்துவைத்துக்கொண்டு திருப்பித் தருவாள். சொன்னதையே கிளிப்பிள்ளையாகச் சொல்கிறாள், அர்த்தம் ஏதும் இல்லை என்று ஒரு காலத்தில் நிபுணர்களே இதை ஒதுக்கினார்கள், நிறுத்தவும் முயன்றார்கள். 1980-களின் தொடக்கத்தில் பாரி பிரிசான்ட் என்ற பேச்சு மொழி ஆய்வாளர் இப்படித் திருப்பிச் சொல்வதில் கேட்பது, ஆமோதிப்பது, தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்வது என்று பல வேலைகள் நடப்பதைப் பிரித்துக் காட்டினார். இந்தச் சிறுமியின் வகுப்பாசிரியை சத்துணவில் முட்டை வைக்கப் போனபோது அவள் “வேணாமா?” என்றாள். ஆசிரியை சிரித்துக்கொண்டே “வேணும் வேணும், சாப்பிடு” என்று தட்டில் வைத்தார். தட்டு பறந்தது. அவள் சொன்னது மறுப்பு. ‘வேணாமா?’ என்று அவளிடம் வீட்டில் கேட்ட பிறகுதான் முட்டை எடுக்கப்படும். அதனால் முட்டையை எடுக்க வைக்கும் சொல் அவளுக்கு அதுதான். இதற்கு நாம் செய்யக்கூடியது, அவள் வாயிலிருந்து எப்படி வர வேண்டுமோ அப்படியே நாம் சொல்லிக் காட்டுவது. “எனக்கு வேணாம்” என்று அவள் பக்கம் நின்று, அவளாக இருந்து சொல்ல வேண்டும். “உனக்கு வேணாமான்னு கேக்காத, வேணாம்னு சொல்லு” என்று திருத்தினால் அந்த வாக்கியம் முழுவதையும் அவள் எடுத்துக்கொள்வாள்.

படம் காட்டிப் பழகினால் பேச்சு வராமலே போய்விடும் என்ற பயம் படித்தவர் வீட்டிலும் இருக்கிறது, படிக்காதவர் வீட்டிலும் இருக்கிறது. ஆய்வுகள் சொல்வதும் நான் கண்டதும் வேறு. பட அட்டையும் பேசும் கருவியும் பேச்சைத் தடுப்பதில்லை. வரக்கூடிய பிள்ளைகளுக்கு வருகிறது. சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி கிடைத்த பிள்ளைதான் வாய் திறந்து முயன்று பார்க்கும். சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ என்ற செயலி இன்று பல நாடுகளில் இருக்கிறது. படத்தைத் தொட்டால் டேப்லெட் பேசும், தமிழிலும் பேசும். வாங்க வசதி இல்லாத வீடுகளுக்கு நான் ஒரு பழைய காலண்டர் அட்டையில் அம்மா, தண்ணி, பாத்ரூம், வலிக்குது, போதும், வேணாம் என்று ஆறு கட்டம் போட்டுக் கொடுக்கிறேன். சார்ஜ் தேவையில்லை. வாய்க்காலில் விழுந்தால் இன்னொன்று.

அம்மாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1943-இல் பால்டிமோரில் லியோ கான்னர் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தை முதலில் விவரமாக எழுதினார். பிறகு வந்த காலத்தில் பெற்றோரின் அன்புக் குறைவுதான் காரணம் என்ற எண்ணம் மருத்துவ உலகில் பரவியது. சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அதற்கு முன்பே, 1964-இல், ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் இது மூளை வளர்ச்சி தொடர்பானது என்று வாதிட்டு எழுதியிருந்தார். அறிவியல் அவர் பக்கம் நின்றது. எங்கள் கிராமங்களில் பழி மட்டும் வேறு வேறு பேரில் இன்னும் வருகிறது. மாசமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனாள். போனைக் கொடுத்துக் கெடுத்தாள். வேலைக்குப் போய்விட்டாள். தடுப்பூசி போட்டாள். போன் பார்த்ததால் ஆட்டிசம் வந்துவிடாது. தடுப்பூசிக் கதையைக் கிளப்பிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998-ஆம் வருடக் கட்டுரையை அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. அவர் மருத்துவப் பதிவையும் இழந்தார். இதை நான் மாமியார்கள் இருக்கும்போதுதான் சொல்வேன். அம்மாவிடம் தனியாகச் சொல்லி என்ன பயன்?

தகப்பன்மார் பலர் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். ஊசி போட்டால் சரியாகிவிடும் என்ற விளம்பரம் அவர்கள் போனுக்குத்தான் முதலில் போகிறது. ஸ்டெம் செல் ஊசிக்காக நிலத்தை விற்கத் துணிந்த குடும்பத்தோடு மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஆட்டிசத்தை மாற்றும் ஊசி எதுவும் கிடையாது. அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஒரு சுற்றுச்சுவர் கட்டலாம், ஊஞ்சல் மாட்டலாம், அம்மா வாரத்தில் ஒரு நாள் தூங்க ஓர் ஆளைத் துணைக்கு வைக்கலாம்.

பள்ளிக்கு வருகிறேன். ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேரும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முதல் தடை காலை வணக்கக் கூட்டம். மைக், வரிசை, தோளில் இடிக்கும் பிள்ளைகள், கொளுத்தும் வெயில், திடீரென்று மொத்தப் பள்ளியும் சேர்ந்து குரல் எடுப்பது. வகுப்புக்கு வரும் முன்பே அவன் தாங்கும் சக்தி முழுவதும் செலவாகியிருக்கும். பிறகு அன்றைக்கு அவன் என்ன படிப்பான்? கூட்டம் முடிந்தபின் வரச் சொல்லலாம். அல்லது வராந்தாவில் ஓரமாக, பிடித்த நண்பனோடு நிற்கட்டும். மணி அடிக்கும் பொறுப்பையே அவனிடம் கொடுத்த ஒரு தலைமையாசிரியர் உண்டு. எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் அதே சத்தம் பாதிதான் வதைக்கும். வகுப்பில் அவன் இடம் சுவர் ஓரம், கதவுக்குப் பக்கம்; மின்விசிறியின் கீழ் மட்டும் வேண்டாம். அன்றைய வேலைகள் படமாக மேசையில் ஒட்டியிருக்கும். முடிந்ததை அவனே கழற்றிப் பெட்டியில் போடுவான். அதோடு ‘கொஞ்சம் வெளியே’ என்ற ஓர் அட்டை.

அந்த அட்டையில்தான் ஆசிரியர்கள் தயங்குவார்கள். “மத்த பிள்ளைங்களும் கேக்குமே மேடம்?” கேட்கும், முதல் வாரம். அவனுக்குச் சத்தம் வலிக்கும், அதனால் அந்த அட்டை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் ஆறு வயதுப் பிள்ளைகள் புரிந்துகொள்வதில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள். “மிஸ், அவன் காதப் பொத்துறான், அட்டையக் குடுங்க” என்று அவர்களே சொல்வார்கள். அவன் அட்டையைச் சும்மா சும்மா காட்டி வெளியே போய்க்கொண்டே இருந்தால்? முதலில் விட வேண்டும். பிறகு ‘இன்னும் ஒரு வரி, அப்புறம் வெளியே’ என்று நீட்டிக்கொண்டே போகலாம். சொல்லிவிட்டுப் போகும் பிள்ளை திரும்பி வருகிறது. பிடுங்கிக்கொண்டு ஓடிய பிள்ளையைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் ஆசிரியர்களின் பாடு எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சேர்க்கவே மறுக்கும் பள்ளிகளிடம் மட்டும் நான் குரலை உயர்த்துவேன். ‘உங்க பிள்ளைக்கு ஸ்பெஷல் ஸ்கூல்தான் நல்லது’ என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பும் தனியார் பள்ளிகள், ‘நிழல் ஆசிரியரை நீங்களே சம்பளம் கொடுத்துக் கூட்டிட்டு வாங்க’ என்று சொல்லும் பள்ளிகள் ஏராளம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகை குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் பெயர் சொல்லி இருக்கிறது. அரசு நிதி பெறும் பள்ளிகளோடு, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்க்கக் கடமைப்பட்டவை. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. சட்டத்தின் தமிழ் நகல் என் பையில் இருக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன்.

உரிமைக்குச் சான்றிதழ் வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் பலர் மனவளர்ச்சிக் குறைபாடு என்ற சான்றிதழோடுதான் வளர்ந்தார்கள். 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி அழைத்தது. இப்போது செகந்திராபாத்தில் உருவாக்கிய இந்திய அளவுகோல் இருக்கிறது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 106 வரை லேசானது, 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. தாளில் எளிமையாக இருக்கிறது. முகாம் நாளில் மாவட்டத் தலைநகரின் ஒரு மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு பிள்ளை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் அவன் இருக்கும் நிலையை வைத்து யாரும் எதையும் அளக்கக்கூடாது என்பதால், வீட்டிலும் பள்ளியிலும் எடுத்த சிறு வீடியோக்களை அம்மாவின் போனில் போட்டு அனுப்புவேன். முந்தின வாரமே அந்தக் கட்டடத்தின் படத்தைக் காட்டிவிடுவோம். கறுப்புக் கண்ணாடி, காதுக்கு மஃப், பிடித்த தின்பண்டம், வாசலில் நிற்கும் ஓர் ஆட்டோ. முறை வரும்வரை அவன் ஆட்டோவில் இருக்கலாம். அந்தச் சான்றிதழ் பத்தாம் வகுப்பு வரை போகும் பிள்ளைக்குக் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் வாங்கித் தரும். பத்தாம் வகுப்பில் போய் ஓடாமல், ஒன்றாம் வகுப்பிலேயே வாங்கிவிடச் சொல்கிறேன்.

இப்போது அந்த விலையைச் சொல்கிறேன்.

ஒரு பெண் பிள்ளை. சிறு வயதிலிருந்து நல்ல பயிற்சி, பெரிய ஊரில். சொன்னதைச் செய்வாள். உட்கார் என்றால் உட்காருவாள், கையைக் கொடு என்றால் கொடுப்பாள். எல்லாரும் பாராட்டிய பிள்ளை. பன்னிரண்டு வயதில் எங்கள் ஒன்றியத்துக்குக் குடும்பம் வந்தது. முதல் நாள் அவளோடு உட்கார்ந்தபோது, நான் எதை நீட்டினாலும் வாங்கினாள். உடைந்த பென்சிலை, காலி டப்பாவை, ஒரு கல்லை. அவள் அம்மா பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. யார் எதைச் சொன்னாலும் செய்யும் பெண், இன்னும் ஒரு வருடத்தில் பூப்பெய்தப் போகிற பெண், நடந்ததை வந்து சொல்லத் தெரியாத பெண். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாகும் அபாயம் அதிகம் என்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. ‘கீழ்ப்படிதல்’ என்று நாம் பயிற்சி அட்டவணையில் டிக் அடித்த ஒவ்வொன்றும் அந்த அபாயத்தின் பக்கம்தான் சேர்கிறது.

அவளுக்குக் காலண்டர் அட்டையும் இல்லை, செயலியும் இல்லை; நேராகக் கல்லிலிருந்து தொடங்கினோம். கல்லை நீட்டுவேன். அவள் அம்மா பின்னாலிருந்து அவள் கையால் அதைத் தள்ளுவார். “வேணாம்!” என்று மூன்று பேரும் சத்தமாகச் சொல்வோம். மெல்லச் சொல்லப் பழக்கவில்லை. தெருவுக்குக் கேட்க வேண்டும். பிறகு தலைமுடியைத் தொடுவது, தோளைத் தொடுவது. வேண்டாம் என்றால் உடனே கை விலகும். அம்மா, அத்தை, ஆயா எல்லாரும் தலை வாரும் முன் கேட்டுத் தொடும் பழக்கத்துக்கு வந்தார்கள். உடம்பின் படத்தில் அம்மாவும் டாக்டரும் தவிர யாரும் தொடக்கூடாத இடங்களுக்குச் சிவப்பு. அவர்கள் தொட்டாலும் முன்னால் சொல்லிவிட்டுத்தான். மாதவிலக்குக்கு முன்பே நாப்கினைச் சும்மா வைத்துப் பழக்கினோம், முதலில் அரை மணி நேரம், பிறகு ஒரு பொழுது. அந்த நாள் வந்தபோது அவளுக்குப் புதியது நிறம் மட்டும்தான். ‘வேணாம்’ சொல்லக் கற்ற பிறகு அவள் வீட்டில் முரண்டு கூடியது உண்மை. பாவக்காய் வேணாம், பச்சைச் சுடிதார் வேணாம், சித்தி வீடு வேணாம். “நல்லா இருந்த பிள்ளைய இப்படிப் பண்ணிட்டீங்களே” என்று அவள் அப்பா என்னிடம் கோபப்பட்டார். சித்தி வீடு ஏன் வேண்டாம் என்று போய்ப் பாருங்கள் என்றேன். அங்கே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. அவ்வளவுதான். ஆனால் அவர் போய்ப் பார்த்தார் அல்லவா, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒவ்வொரு வருடமும் பள்ளி திறப்பதற்கு முன்பு, புது வகுப்பாசிரியருக்காக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன். குறைபாட்டின் பெயரும் மதிப்பெண்ணும் அதில் கீழே இருக்கும். மேலே இருப்பவை: இவனுக்குப் பிடித்தவை. தாங்காத சத்தங்கள். பாத்ரூம் வந்தால் எப்படிக் காட்டுவான். எதை எழுதிக் காட்டினால் புரியும், எதைச் சொன்னால் புரியாது. மறுக்கும்போது என்ன செய்வான், அதற்கு நீங்கள் என்ன செய்ய வேண்டும். பெற்றோர்தான் தகவல் சொல்வார்கள், நான் எழுதுவேன். படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் படிக்கக் கொடுத்துச் சரிபார்ப்பதும் உண்டு. ஒருவன் ‘பிடித்தவை’ என்ற இடத்தில் நான் எழுதிய ரயிலை அடித்துவிட்டு, தஞ்சாவூர், திருச்சி, விழுப்புரம் என்று சந்திப்புகளின் பெயர்களை எழுதினான்.

அந்தக் காகிதத்தை வாங்கிய ஓர் ஆசிரியர் ஜூலையில் போன் பண்ணினார். நெற்றியில் புடைப்போடு இருந்த அந்தப் பையன் இப்போது அவர் வகுப்பில், மூன்றாம் வகுப்பு. “மேடம், கணக்கு நோட்ட மூடி எங்கிட்ட குடுத்துட்டு அட்டையக் காட்டுறான். அழலை, ஓடலை. நான் இப்ப என்ன செய்யணும்?”

“வாங்கிக்குங்க சார். ‘வேணாம், சரி’ன்னு அவன் கேக்குற மாதிரி சொல்லுங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு ஒரே ஒரு கணக்கோட திருப்பிக் குடுங்க. கடன் வாங்கிக் கழிக்கிறதா இருந்தா, அதுக்கு முன்னாடி உள்ள கணக்குலேருந்து குடுங்க.”